பச்சை பாஸ்போர்ட்டோடு தனியாக: நைஜீரியாவிலிருந்து முதல் முறை வெளிநாடு போகிறவர்களுக்கு

என் அப்பா எனுகு ஊர்க்காரர். அம்மா தஞ்சாவூர். நான் பிறந்தது, படித்தது, கணக்காளராக வேலை பார்ப்பது எல்லாம் லாகோஸ். பாஸ்போர்ட் நைஜீரியாவுடையது, பச்சை அட்டை. அதை வைத்துக்கொண்டு தனியாக ஊர் சுற்றக் கிளம்பி, ஒரு விசா மறுப்பு, திரும்பி வராத ஒரு டிக்கெட் பணம், எல்லையில் வெயிலில் நின்ற ஒரு மதியம் என்று பாடம் படித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த கலப்பு மணக் குடும்பங்களில் பிள்ளைகள் இப்போது தனியாகப் புறப்படும் வயதுக்கு வந்திருக்கிறார்கள். "அக்கா, எங்கிருந்து ஆரம்பிப்பது?" என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதியது இது. ஏழாவது படியை மட்டும் இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களும் படிக்கலாம். அதில் அவர்களுக்கும் வேலை இருக்கிறது.

கட்டணங்கள் 2025 இறுதி நிலவரப்படி. டாலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,500 நைரா என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மொத்த வேலைக்கும் ஆறு மாதம் ஒதுக்குங்கள். மூன்று மாதத்தில் முடித்தவர்களும் உண்டு. அவர்களுக்கு அடையாள எண்ணில் பெயர் சரியாக இருந்திருக்கும்.

1. பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்

தேசிய அடையாள எண் இல்லாமல் பாஸ்போர்ட் விண்ணப்பம் ஓர் அடி நகராது. 'நின்' என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பதினோரு இலக்க எண்ணில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் எப்படிப் பதிவாகியிருக்கின்றனவோ, அப்படித்தான் பாஸ்போர்ட்டில் வரும். எனக்கு மூன்று பெயர்கள்: அப்பா வைத்த இக்போ பெயர், தேவாலயத்தில் வைத்த பெயர், அம்மா வைத்த தமிழ்ப் பெயர். பள்ளிச் சான்றிதழில் ஒரு வரிசை, வங்கியில் வேறு வரிசை, அடையாள எண்ணில் தமிழ்ப் பெயரே இல்லை. வீட்டில் இதையெல்லாம் யாரும் கவனித்ததில்லை. விசா அலுவலர் கவனிப்பார்.

ஆகவே முதல் வேலையாக அடையாள எண் பதிவு, வங்கிச் சரிபார்ப்பு எண், பிறப்புச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ் நான்கையும் மேசைமேல் பரப்பி எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பெயர்த் திருத்தத்துக்குச் செலவு சில ஆயிரம் நைராவுக்குள் அடங்கும். பிறந்த தேதியைத் திருத்துவதுதான் காசைக் கரைக்கும்: கட்டணம் மட்டும் 28,574 நைரா, அதோடு மக்கள்தொகை ஆணையத்தின் பிறப்புச் சான்றும் வேண்டும். திருத்தம் முடிந்ததும் வங்கிக்குப் போய் அங்கேயும் மாற்றிவிடுங்கள். பலர் இந்தக் கடைசி வேலையை மறந்துவிட்டு, விசா நேரத்தில் வங்கி அறிக்கையில் வேறு பெயரைப் பார்த்து விழிக்கிறார்கள்.

2. பாஸ்போர்ட்: பத்து ஆண்டுக்கானதை வாங்குங்கள்

2025 செப்டம்பர் 1 முதல் நாட்டுக்குள் விண்ணப்பிப்பவர்களுக்கு 32 பக்க, ஐந்து ஆண்டு பாஸ்போர்ட் ஒரு லட்சம் நைரா; 64 பக்க, பத்து ஆண்டு பாஸ்போர்ட் இரண்டு லட்சம். பணம் இருந்தால் இரண்டாவது. பல நாடுகள் ஆறு மாதச் செல்லுபடி மீதமிருக்க வேண்டும் என்று கேட்கும். அப்படியானால் ஐந்து ஆண்டுப் புத்தகம் உண்மையில் நாலரை ஆண்டுப் புத்தகம். நம் விசாக்கள் பெரும்பாலும் முழுப் பக்கம் ஒட்டும் ஸ்டிக்கர்கள் என்பதால் பக்கங்களும் சீக்கிரம் தீரும்.

விண்ணப்பமும் கட்டணமும் இணையத்தில்தான். பிறகு நேரில் போய்க் கைரேகையும் படமும் கொடுக்க வேண்டும். லாகோசில் இக்கோயி, அலாவுசா, ஃபெஸ்டாக் என்று அலுவலகங்கள் இருக்கின்றன. வாசலிலேயே உங்களை மடக்கி, "உள்ளே என் ஆள் இருக்கிறார், மூன்று நாளில் கையில்" என்று சொல்கிறவர்களைத் தாண்டி உள்ளே போங்கள். அவர்கள் வாங்கும் கூடுதல் பணத்துக்கு ரசீது கிடையாது. விண்ணப்பத்தில் அவர்கள் செய்யும் எழுத்துப் பிழைக்குப் பொறுப்பும் கிடையாது. ஆறு வாரம் ஆகும் என்று நினைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். முன்னாலேயே வந்தால் லாபம்.

3. மஞ்சள் அட்டை

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட சான்றுதான் மஞ்சள் அட்டை. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். பழைய அட்டையில் பத்து ஆண்டு என்று எழுதியிருந்தாலும் 2016 ஜூலைக்குப் பிறகு அது வாழ்நாள் சான்றாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. துறைமுக சுகாதாரப் பிரிவில் ஊசியைப் போட்டு, அங்கேயே அட்டையை வாங்குங்கள்.

ஊசியே போடாமல் அட்டையை மட்டும் விற்கிறவர்கள் உண்டு. அதை வாங்கிக்கொண்டு இந்தியாவுக்குப் போய் மாட்டினால், ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலில் வைத்துவிடுவார்கள். தாத்தா பாட்டியைப் பார்க்க இரண்டு வாரம் விடுப்பு எடுத்துப் போகிறவருக்கு அதில் பாதி போய்விடும்.

4. பணத்தைப் பிரித்து வையுங்கள்

வங்கியில் டாலருக்கான டொமிசிலியரி கணக்கு ஒன்றைத் திறந்து அதற்கு ஒரு கார்டு வாங்குங்கள். நைரா கார்டை நம்பிப் போகாதீர்கள். 2022 கடைசியிலும் அதற்குப் பிறகும் பல வங்கிகள் அந்தக் கார்டுகளின் வெளிநாட்டுப் பயன்பாட்டையே நிறுத்திவைத்தன. இப்போது சில வங்கிகள் திறந்துவிட்டிருந்தாலும் மாத வரம்பு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பயணத்துக்காக வங்கியிடமே டாலர் கேட்கவும் வழி இருக்கிறது. தனிப்பட்ட பயணப் படி என்று அதற்குப் பெயர்; மூன்று மாதத்துக்கு 4,000 டாலர் வரை. 'ஃபார்ம் ஏ' நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட், விசா, டிக்கெட், வங்கிச் சரிபார்ப்பு எண் வேண்டும். 2024 பிப்ரவரிக்குப் பிறகு இதை ரொக்கமாகத் தருவதில்லை, கார்டில்தான் ஏற்றுவார்கள். ஆகவே கையில் வைத்துக்கொள்ளக் கொஞ்சம் டாலர் தாள்களை வேறு வழியில் சேர்க்க வேண்டும். தெருவோரத்தில் டாலர் மாற்றித் தரும் அபோக்கியிடம் மாற்றுகிறவர்கள் எண்ணி முடித்த கட்டை மறுபடி அவர் கையில் கொடுக்காதீர்கள். திரும்பி வரும்போது கட்டு மெலிந்திருக்கும்.

5. முதல் பயணம் கானாவின் தலைநகர் அக்ராவுக்கு

நேராக ஐரோப்பா விசாவுக்கு மனுப் போடாதீர்கள். முத்திரையே இல்லாத பாஸ்போர்ட்டோடு, தனியாக, திருமணமாகாத முப்பது வயதுக்குள்ளான ஒருவர் மனுப் போட்டால், விசா அலுவலர் மனதில் ஓடுவது ஒரே சொல்தான்: ஜாப்பா. யொரூபா மொழியில் தப்பி ஓடுவது என்று பொருள். இன்று நாட்டை விட்டுப் போய்த் திரும்பாமல் இருப்பதற்கே அதுதான் பெயர். போனவர் திரும்பி வந்தார் என்பதற்குச் சாட்சி சொல்ல உங்கள் பாஸ்போர்ட்டில் முத்திரைகள் வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான ஈகோவாஸில் உள்ள நாடுகளில் நமக்கு 90 நாள் வரை விசா வேண்டாம். கானா, டோகோ, பெனின், ஐவரி கோஸ்ட், செனகல், காம்பியா எல்லாம் இதில் அடக்கம். மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரியில் அமைப்பை விட்டு விலகிவிட்டன. முதல் பயணத்துக்கு அந்தப் பக்கம் வேண்டாம்.

நான் பஸ்ஸில் போனேன். லாகோசிலிருந்து செமே எல்லை வழியாகப் பெனினின் கோட்டோனூ, பிறகு டோகோவின் லோமே, பிறகு அஃப்லாவ் எல்லையைத் தாண்டி அக்ரா. மூன்று எல்லைகள். தூரம் 500 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் நாள் முழுக்கப் போய்விடும். இந்த மூன்றில் ஒன்றில்தான் 'கன்னிப் பாஸ்போர்ட்' என்ற சொல்லை முதல் முறையாகக் கேட்டேன். முத்திரையே விழாத புது பாஸ்போர்ட்டுக்கு முதல் முத்திரை குத்தத் தனிக் காசாம். எந்தச் சட்டத்திலும் இப்படி ஒரு கட்டணம் இல்லை. நான் ரசீது கேட்டேன். கேட்ட குற்றத்துக்காக இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்திவைக்கப்பட்டேன். பஸ் ஓட்டுநர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார்; சக பயணிகள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. கடைசியில் முத்திரை விழுந்தது, காசு கொடுக்கவில்லை. அடுத்தவருக்கும் அப்படி நடக்கும் என்று என்னால் உறுதி தர முடியாது.

அதனால் என் யோசனை: முதல் முத்திரையை விமானத்தில் போய் வாங்குங்கள். லாகோசிலிருந்து அக்ரா ஒரு மணி நேரம்தான். செலவு கூடுதல், ஆனால் விமான நிலையத்தில் இந்த வியாபாரத்துக்கு இடம் குறைவு. பஸ்ஸில்தான் போவேன் என்றால் பாஸ்போர்ட், மஞ்சள் அட்டை இரண்டையும் நீங்களே கையில் வைத்திருங்கள். பாஸ்போர்ட்டுகளை மொத்தமாக வாங்கி முத்திரை குத்தி வருகிறேன் என்று பஸ் உதவியாளர் கேட்டால் கொடுக்காதீர்கள். நுழைந்த முத்திரை இருந்து வெளியேறிய முத்திரை இல்லாத பாஸ்போர்ட் பிற்பாடு பெரிய தலைவலி. பெனினிலும் டோகோவிலும் பிரெஞ்சு மொழி, சிஎஃப்ஏ பிராங்க். சில்லறைத் தாள்களாகக் கொஞ்சம் வைத்திருங்கள். நம் ஊர் மூன்று பின் சொருகி கானாவில் பொருந்தும், நடுவில் உள்ள இரண்டு நாடுகளில் பொருந்தாது.

அக்ராவுக்குப் பிறகு ருவாண்டா. நமக்கு 30 நாள் விசா தேவையில்லை, கிகாலியில் ஒரு பெண் இரவிலும் தனியாக நடக்கலாம். கென்யாவும் 2025இல் பெரும்பாலான ஆப்பிரிக்க நாட்டவருக்கு முன் அனுமதியை நீக்கிவிட்டது. இப்படி இரண்டு மூன்று முறை போய்த் திரும்பிய பிறகு விசா மனுவை எடுங்கள்.

6. விசா மனு: கதையும் கணக்கும் ஒத்துப்போக வேண்டும்

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை எடுத்துக்கொள்வோம், அதில்தான் நான் அடிபட்டேன். கட்டணம் 90 யூரோ. சுமார் ஒன்றரை லட்சம் நைரா. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் திரும்ப வராது. 2024இல் நைஜீரியாவிலிருந்து போன மனுக்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் மறுக்கப்பட்டன. இதை மனதில் வைத்துக்கொண்டு பணம் கட்டுங்கள்.

பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும். முடிவு 15 நாளில் வரலாம், 45 நாளும் ஆகலாம். நேர ஒதுக்கீடு கிடைப்பதற்கே வாரங்கள் ஆவதால் ஐந்து மாதத்துக்கு முன்பே தொடங்குவது நல்லது. அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் கொடுக்க வேண்டும்; எல்லா நாட்டிலும் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாட்டில். "அந்தத் தூதரகத்தில் சுலபமாகக் கிடைக்கும்" என்று வேறு நாட்டின் வழியாகப் போகச் சொல்லும் முகவரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

வேண்டிய காகிதங்கள்: வேலை செய்யும் இடத்தின் கடிதம், விடுப்பு அனுமதி, சம்பளச் சீட்டுகள், ஆறு மாத வங்கி அறிக்கை, தங்குமிட முன்பதிவு, நாள்வாரித் திட்டம், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு. சொந்தத் தொழில் என்றால் நிறுவனப் பதிவுச் சான்றும் வரி செலுத்திய சான்றும். டிக்கெட் வாங்க வேண்டாம். முன்பதிவுத் தாள் போதும்.

நான் எங்கே சறுக்கினேன்? வங்கிக் கணக்கில். கணக்கில் பணம் குறைவாகத் தெரிகிறதே என்று சித்தப்பா மனமிரங்கி முப்பது லட்சம் நைராவை ஒரே நாளில் போட்டுவிட்டார், மனுக் கொடுப்பதற்குப் பதினெட்டு நாள் முன்பு. அது விசா அலுவலர் கண்ணுக்கு எப்படிப் படும் என்று கணக்காளரான எனக்கே தோன்றவில்லை. மாதம் ஆறு லட்சம் வந்து ஐந்தரை லட்சம் போகும் கணக்கில் திடீரென்று முப்பது லட்சம்! மறுப்புத் தாளில் இரண்டு கட்டங்களில் குறி இருந்தது: பயண நோக்கத்தில் நம்பிக்கை இல்லை, திரும்பிப் போவீர்கள் என்பதில் சந்தேகம். அடுத்த முறை எட்டு மாதம் மெதுவாகச் சேர்த்தேன், பதினான்கு நாளுக்குப் பதில் எட்டு நாள் கேட்டேன், ஒரே நகரம் போட்டேன். கிடைத்தது.

வீட்டார் உண்மையிலேயே உதவுகிறார்கள் என்றால் மறைக்காதீர்கள். யார், என்ன உறவு, எவ்வளவு என்று கடிதம் வாங்கி அவருடைய வங்கி அறிக்கையோடு இணையுங்கள். முகவர் அச்சடித்துத் தரும் போலி அறிக்கை மட்டும் வேண்டவே வேண்டாம். பிரிட்டன் விசாவில் ஏமாற்று என்று பதிவானால் பத்து ஆண்டுத் தடை.

தனியாகப் போகிறவருக்கு இன்னொரு கேள்வி உண்டு: ஏன் தனியாக? முன்னுரைக் கடிதத்தில் ஒரு பத்தியில் நேராகச் சொல்லிவிடுங்கள். பெயரளவுக்கு "சுற்றிப் பார்க்க" என்று எழுதாமல், எந்த அருங்காட்சியகம், எந்தக் கச்சேரி, ஏன் அந்த வாரம் என்று எழுதுங்கள்.

7. டிக்கெட்: நடுவில் இறங்கும் ஊர்

இதுதான் என் பணத்தை விழுங்கிய இடம். அம்மாச்சியைப் பார்க்கச் சென்னைக்கு டிக்கெட் தேடினேன். ஃபிராங்க்ஃபர்ட் வழியாக மலிவாக ஒன்று கிடைத்தது. இந்திய விசா கையில் இருந்தது. விமான நிலையத்தை விட்டு வெளியே போகப் போவதில்லை, வேறென்ன வேண்டும் என்று வாங்கிவிட்டேன். பெட்டியோடு கவுண்டரில் நின்றபோது, "இடைவழி விசா எங்கே?" என்று கேட்டார்கள். விமானம் போனது, நான் போகவில்லை. பணம் திரும்பவில்லை.

விதி இதுதான்: நைஜீரியா உட்பட பன்னிரண்டு நாட்டவர்கள் ஷெங்கன் நாடுகளின் விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்குக்கூட இடைவழி விசா எடுக்க வேண்டும். இலங்கையும் கானாவும் பாகிஸ்தானும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. செல்லுபடியாகும் ஷெங்கன், அமெரிக்கா, கனடா அல்லது ஜப்பான் விசா இருந்தால் விலக்கு உண்டு. இந்திய விசாவுக்கு அந்த விலக்குக் கிடையாது. லண்டன் வழியாகப் போனாலும் நமக்குத் தனி இடைவழி விசா இருக்கிறது.

அடிஸ் அபாபா, தோஹா, இஸ்தான்புல், நைரோபி வழியாகப் போனால் இந்தத் தொல்லை இல்லை. உள்ளேயே விமானம் மாறிக்கொள்ளலாம். ஆனால் முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருக்க வேண்டும். இரண்டு தனித்தனி டிக்கெட் மலிவு என்று வாங்கினால் நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட வெளியே வர வேண்டும், அதற்கு அந்த நாட்டு விசா வேண்டியிருக்கலாம்.

8. பெட்டியில் உங்கள் பொருள் மட்டும்

நீங்கள் போகிற செய்தி பரவியதும் பொட்டலங்கள் வரும். "என் தங்கை மகனுக்குக் கொஞ்சம் கர்ரி, கொஞ்சம் ஓக்போனோ, அவ்வளவுதான் மகளே." (கர்ரி என்பது மரவள்ளி மாவு, ஓக்போனோ என்பது குழம்புக்குப் போடும் விதை.) வயதான அத்தைமார்களிடம் முடியாது என்று சொல்வது நம் இரண்டு ஊரிலும் கடினம். சொல்லித்தான் ஆக வேண்டும். கட்டிய பொட்டலத்தை எடுக்காதீர்கள். பிரித்துப் பார்த்து நீங்களே கட்டினால் மட்டும் சரி. ஐரோப்பாவுக்குக் கிலிஷி போன்ற எந்த இறைச்சிப் பொருளும் கொண்டுபோக முடியாது, கருவாடு பரவாயில்லை. டிரமடால் போன்ற வலி மாத்திரைகளை, உங்களுக்கே எழுதிக் கொடுத்ததானாலும், மருத்துவர் சீட்டு இல்லாமல் தொடாதீர்கள்.

பெட்டிக்குப் பூட்டு மட்டும் போதாது. 2018 டிசம்பரில் கானோ விமான நிலையத்திலிருந்து உம்ரா என்ற மெக்கா யாத்திரைக்குப் போன ஒரு மாணவியின் பெயர்ச் சீட்டை வேறொரு பெட்டியில் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அதில் டிரமடால். செய்யாத குற்றத்துக்குச் சவூதியில் நான்கு மாதம் சிறை. 2019 ஏப்ரல் கடைசியில் விடுதலை. 2025 ஆகஸ்டில் அதே விமான நிலையத்திலிருந்து போன மூன்று பேருக்கு ஜெட்டாவில் இதே கதி. அவர்களும் குற்றமற்றவர்கள் என்று பின்னர் விடுவிக்கப்பட்டார்கள். ஆகவே பெட்டி எடை போடும்போது எடை தெரியும்படி படம் எடுங்கள், பெட்டியையும் ஒட்டிய சீட்டையும் படம் எடுங்கள், எத்தனை பெட்டி உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று ரசீதில் எண்ணிப் பாருங்கள். கூட்டமாக இருக்கும் வரிசையில் "என் பெட்டி எடை கூடிவிட்டது, உங்கள் பெயரில் போடுகிறேனே" என்று கேட்பவர் எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் முடியாது.

9. புறப்படும் நாள்

நான்கு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். 10,000 டாலருக்கு மேல் கையில் இருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். மறைத்தால் பறிமுதல் வரை போகும்.

குடிவரவுக் கவுண்டரில் தனியாகப் போகும் இளம் பெண்களை அதிகம் கேட்பார்கள். ஆள் கடத்தல் தடுப்புக்காகத்தான், கோபப்பட்டுப் பயனில்லை. என்ன வேலை, யார் பணம், எங்கே தங்குகிறாய், எப்போது திரும்புவாய் என்ற நான்கே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வரும். வேலைக் கடிதம், விடுப்பு அனுமதி, தங்குமிட முன்பதிவு, திரும்பும் டிக்கெட் நான்கையும் அச்சடித்து ஒரே கோப்பில் வையுங்கள். கைப்பேசியில் காட்டாதீர்கள், சார்ஜ் போய்விடும், கைப்பேசி கைமாறினால் உங்கள் உரையாடல்களையும் புரட்டுவார்கள். காகிதத்தைக் கண்டதும் பேச்சு பாதியாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

வழியில் யாராவது புன்னகையோடு "மேடம், பையன்களுக்கு ஏதாவது?" என்று காசு கேட்பார். "திரும்பி வரும்போது" என்று அதே புன்னகையோடு சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். நிற்கக் கூடாது.

10. இறங்கிய பிறகு

அங்கேயும் அதே கோப்பு. மனுவில் எழுதிய பதிலையே சொல்லுங்கள். எட்டு நாள் என்று எழுதிவிட்டு இரண்டு வாரம் என்று உளறாதீர்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசா, மஞ்சள் அட்டை மூன்றின் நகலையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல்துறையில் புகார்ச் சீட்டு, பிறகு நம் தூதரகத்தில் அவசரப் பயணச் சான்றிதழ். அது ஊர் திரும்ப மட்டும்தான் உதவும், மேற்கொண்டு சுற்ற முடியாது.

திரும்பி வந்த அன்றே வெளியேறிய முத்திரை, நுழைந்த முத்திரை இரண்டும் தெளிவாக விழுந்திருக்கின்றனவா என்று கவுண்டரில் நின்றபடியே பாருங்கள். போர்டிங் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய பாஸ்போர்ட் காலாவதியானாலும் புதியதோடு சேர்த்து வையுங்கள்; அடுத்த விசா மனுவுக்கு இரண்டையும் கொண்டுபோக வேண்டியிருக்கும்.